போய்த் திரும்பும் கலங்கள்



சுவிட்சர்லாந்து நாட்டு லூசெர்ன் நகரில் போக்குவரத்துக் காட்சிசாலை ஒன்று உண்டு. ‘யுரேகா’ என்னும் ஐரோப்பிய விண்கலம் அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. விண்ணில் பறந்த கலமொன்றைக் காட்சிசாலையில் காண்பது அரிது. போனவற்றுள் பெரும்பாலானவை திரும்புவதில்லையல்லவா? ஏறத்தாழ நாலரை டன் எடையுள்ள யுரேகாவை 1992ஆம் ஆண்டில் அட்லாண்டிஸ் என்ற அமெரிக்க விண்ணோடம் மேலே கொண்டு சென்று விட்டது. அது பத்து மாதங்களுக்கு மேல் தனித்துப் பூமியைச் சுற்றியது. 1993இல் எண்டெவர் என்ற மற்றோர் ஓடம் அதைப் பிடித்துக் கீழே கொணர்ந்தது. ஐந்து முறை போய் வருவதற்கென்றே அதனை அமைத்திருந்தார்கள். போனது ஒரே முறை. ஏனைய பயணங்கள் கைவிடப்பட்டன. ஐந்து முறை உழைக்கப் பிறந்த யந்திரம் பார்வைப் பொருளாகி நிற்பதை எண்ணும்போது எனக்கு வருத்தமே மேலிடுகிறது.

அனுப்பிய பொருள் திரும்பித்தான் வரவேண்டுமோ? வானொலி அலைகளில் விவரங்களை அனுப்பிவிட்டால் போதாதோ? இவ்வாறு நீங்கள் கேட்கலாம். சில ஆராய்ச்சிகளுக்குப் போதும். எல்லாவற்றிற்கும் போதாது.

400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் கவர்ச்சி அற்றுப்போய்விடுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். தரையில் உள்ளதில் பத்தில் ஒன்பது பங்கு அங்கேயும் உண்டு. கலமும் அதனுள் இருக்கும் பொருள்களும் ஒன்றாக, ஓயாமல் பூமியை நோக்கி விழுந்துகொண்டே சுற்றுவதால்தான் எடையற்ற நிலை உண்டாகிறது. அந்நிலையில் சூடான காற்று மேலே எழாது. மெழுகுவர்த்திச் சுடர் உருண்டையாக நிற்கும். திரவத்தில் கனமான துகள் அடியில் தங்காது. ஆகவே உருகிய உலோகம் உறையும் விதமும், படிகம் வளரும் விதமும் வேறாகின்றன. எவ்வாறு வேறாயின என்று அறிய வேண்டுமானால், உறைந்த துண்டை அறுத்து, மெருகிட்டு, நுண்பெருக்கியின்கீழ் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்குரிய கருவிகள் பெரும்பாலும் தரையிலுள்ள ஆய்வுக்கூடங்களில்தான் இருக்கின்றன.

ஐரோப்பியர் 2008ஆம் ஆண்டில் ‘கொலம்பஸ்’ என்ற ஆய்வுக்கூடத்தைச் சர்வதேச விண்வெளி நிலையத்தோடு இணைத்தார்கள். 2008 முதல் 2014 வரை ஐந்து சரக்குக் கலங்களையும் ஏவினார்கள். ஐந்தாவது கலம் அருமையான உலை ஒன்றைச் சுமந்து சென்றது. பாத்திரம் எதிலும் படாமல், மின்காந்த விசையால் அந்தரத்தில் நிற்கும் உலோகத் துளியை அது உருக்கும். ஆனால் உலையைக் கொண்டுபோன கலத்தினால் அதில் உருகிய துளியைக் கொண்டுவர இயலாது. ஐந்து கலங்களுமே திரும்பும் வழியில் காற்றில் எரிந்தழியும்படி அமைக்கப்பட்டவை. அமெரிக்க விண்ணோடங்களோ 2011இல் ஓய்வு பெற்றுவிட்டன. ருஷ்யரின் சோயுஸ் கலத்தில் மூவர் அமர்ந்தபின் எஞ்சும் இடம் சொற்பம்.

இந்தக் குறையை நிரப்பியது வியாபார நிறுவனம் ஒன்றே. ஸ்பேஸ் எக்ஸ் நிறுவனத்தின் ‘டிராகன்’ 2012 மே மாதத்தில் நிலையத்திற்குச் சென்று, பத்திரமாகக் கடலில் இறங்கிற்று. 2017இல், முன்பே பறந்த டிராகன் ஒன்று மறுபடியும் பறந்தது. 2021 ஜனவரியில் அதன் புதிய வகை புளோரிடாக் கரையருகே இறங்கியபோது, ஆராய்ச்சிப் பொருள்கள் சில மணி நேரத்திலேயே கரையை அடைந்தன. இந்த அவசரம் வீணன்று. உயிரணுக்கள் எடையை மீண்டும் உணர்ந்த கணத்திலிருந்தே மாறத் தொடங்குகின்றன. தாமதித்துப் பார்த்தால் விண்வெளியின் விளைவு எது, தரையின் விளைவு எது என்று பிரித்தறிவது கடினம்.

அதே ஆண்டு ஏப்ரலில் பிரெஞ்சு வீரர் தோமா பெஸ்கே ஏறிச் சென்ற கலமும், அதை உந்திய ராக்கெட்டின் முதற்கட்டமும் ஏற்கெனவே பறந்தவை. 2025 ஜூனில் போலந்து வீரர் ஒருவரும் ஹங்கேரி வீரர் ஒருவரும் நம் நாட்டுச் சுபான்சு சுக்லாவோடு ஒரே டிராகனில் சென்றார்கள்.

எல்லாம் நன்றே. எனினும் வண்டி பிறருடையது. புறப்படும் நாளையும் கட்டணத்தையும் குறிப்பவர்கள் அவர்களே. ஐரோப்பாவுக்குச் சொந்த வண்டி வேண்டும் என்போர் பக்கமே நான் சாய்கிறேன். அது எளிதன்று என்பதும் மெய். ‘தி எக்ஸ்ப்ளோரேஷன் கம்பெனி’ என்ற ஐரோப்பிய நிறுவனம் 2025 ஜூனில் சோதனைக் கலம் ஒன்றை ஏவிற்று. ஏற்றிச் சென்றது அமெரிக்க ராக்கெட்டே. 300 கிலோகிராம் அளவுக்குப் பிறர் கொடுத்த சரக்கு அதில் இருந்தது. காற்றுமண்டலத்தின் தீயைக் கடந்து, தரையோடு மீண்டும் தொடர்பு கொண்டது. கடலைத் தொடச் சில நிமிடங்கள் இருக்கையில் தொடர்பு அறுந்தது. கலமும் சரக்கும் கைக்கு வரவில்லை.

அதற்கு முந்திய ஆண்டிலேயே, நிலையத்திற்குச் சரக்கேற்றிச் சென்று திரும்பும் கலத்தை வகுக்க, ஐரோப்பிய விண்வெளி முகமை இந்நிறுவனத்திற்கும் தாலெஸ் அலேனியா நிறுவனத்திற்கும் தலா 2½ கோடி யூரோ அளித்திருந்தது. முதற்பயணத்திற்குக் குறித்த ஆண்டு 2028. விண்வெளி நிலையத்திற்கு ஓய்வளிக்க நாசா குறித்ததோ 2030. நிலையத்தை இறக்கும்போது கொலம்பஸ் கூடமும், அந்த உலையும் அதனோடு சேர்ந்தே இறங்கும்.