பொறுப்பு பெற்றோருக்கா? மற்றோருக்கா?



எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ஒரு கேள்வியை வீசிவிட்டுப் போனார். "பிள்ளைங்க கத்தலாம், ஆடலாம், எழுந்து ஓடலாம்னு சொல்லித்தானே டிக்கெட் கொடுக்கிறான்? அப்புறம் பெத்தவங்களுக்கு அங்கே என்னய்யா பொறுப்பு?" என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. என் மனைவியும் தட்டினார். நான் பார்த்துவிட்டேன். (சிரிப்பு)

முதலில் தலைப்பைப் புரிந்துகொள்வோம். சற்று முன்னால் இந்த மைக் 'கீ...'ன்னு கத்திச்சே, நினைவிருக்கிறதா? அத்தனை பேரும் காதைப் பொத்திக்கிட்டீங்க. நமக்கு அது ஒரு விநாடி. ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு, நாம் கவனிக்கவே கவனிக்காத சத்தம்கூட அப்படித்தான் வந்து விழும். சினிமாக் கொட்டகையின் இருட்டு, சுவர் அதிரும் ஓசை, கண்ணிலே அடிக்கிற வெளிச்சம் எல்லாமே தாங்க முடியாத தாக்குதல் அதுகளுக்கு.

2007-இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஒரு தாய், ஆட்டிசம் உள்ள தன் மகளைப் படத்துக்கு அழைத்துப் போனார். பாட்டு வந்ததும் குழந்தை சந்தோஷத்தில் எழுந்து ஆடியது. வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். அந்தத் தாய் முடங்கிப் போகவில்லை. ஏ.எம்.சி. தியேட்டர் ஒன்றின் மேலாளரிடம், "எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு ஒரு தனிக் காட்சி போட முடியுமா?" என்று கேட்டார். போட்டார்கள். மறு ஆண்டே அந்நிறுவனம் அமெரிக்க ஆட்டிசம் சங்கத்தோடு சேர்ந்து அதைப் பல ஊர்களுக்கும் கொண்டு போனது. 'சென்சரி ஃப்ரெண்ட்லி' காட்சி என்று பெயர். புலன்களுக்கு இதமான காட்சி என்று நாம் சொல்லலாம். விளக்கை முழுக்க அணைக்க மாட்டார்கள். சத்தத்தைக் குறைத்து வைப்பார்கள். எழுந்து நடக்கலாம், பாடலாம், ஆடலாம்.

2011-இல் நியூயார்க் பிராட்வேயில் 'லயன் கிங்' நாடகத்தையே இப்படி நடத்தினார்கள். உரத்த ஓசைகளைக் குறைத்தார்கள். கண்ணை வெட்டும் விளக்குகளை நிறுத்தினார்கள். மிரண்டு போகிற குழந்தை இளைப்பாற வெளியே தனி இடமும் ஒதுக்கினார்கள்.

இவ்வளவும் சமூகம் செய்தது. மறுக்கவில்லை. ஆனால் நடுவர் அவர்களே, அந்த அரங்கத்துக்குள்ளே நடப்பதை எதிரணி பார்க்கவில்லை. அங்கே ஒரு குழந்தைக்கு மகிழ்ச்சி வந்தால் 'வீல்'னு கத்தும். அதற்கு அடுத்த வரிசையில் இன்னொரு குழந்தை. அதற்கு அந்தக் கத்தல்தான் வலி. இரண்டு பேருக்கும் ஆட்டிசம். இரண்டு பேர் கையிலும் டிக்கெட். யாரை வெளியே போகச் சொல்வீர்கள்? சத்தத்தைக் குறைக்க மேலாளரிடம் பொத்தான் இருக்கிறது. பிள்ளையைக் குறைக்கப் பொத்தான் இருக்கிறதா? அங்கே பெற்றவர்களை விட்டால் யார் இருக்கிறார்கள்? (கைதட்டல்)

பொறுப்பு என்றால் அதட்டி உட்கார வைப்பது இல்லை. பிள்ளைகளின் அடம் வேறு, தாங்க முடியாமல் உடைந்து போவது வேறு. பொம்மை வாங்கிக் கொடுத்தால் அடம் நின்றுவிடும். உடைந்து அழுகிற பிள்ளைக்குக் கடையையே வாங்கிக் கொடுத்தாலும் நிற்காது. இந்த வேறுபாடு பக்கத்துச் சீட்டுக்காரருக்குத் தெரியாது, பெற்றவளுக்குத் தெரியும். பிள்ளை காதைப் பொத்துகிறதா, முன்னும் பின்னும் ஆடுகிறதா, கையைக் கடிக்கிறதா? அந்த முதல் அறிகுறியிலேயே வெளியே கூட்டிப் போக, நடைபாதை ஓரமாக இடம் பிடிக்கணும். அங்கே என்ன நடக்கும் என்று முதல் நாளே படம் காட்டிச் சொல்லி வைக்கணும். அடுத்த குழந்தையை அடித்தால், "இது ஸ்பெஷல் ஷோதானே" என்று செல்போனைத் தடவிக்கொண்டு இருக்கக் கூடாது. எழுந்து போய்த் தடுக்கணும், மன்னிப்புக் கேட்கணும். கத்த அனுமதி உண்டு. அடிக்க அனுமதி எந்தக் காட்சியிலும் இல்லை.

வள்ளுவர் குழலையும் யாழையும் விடக் குழந்தையின் மழலை இனிது என்றார் என்று எதிரணி அம்மையார் சொன்னார்கள். அம்மா, நான் தமிழ் வாத்தியார். அந்தக் குறளிலே 'தம்மக்கள்' என்று ஒரு சொல் இருக்கிறது. அவரவர் பிள்ளையின் மழலை அவரவருக்கு இனிக்கும். அடுத்த வீட்டுக்காரருக்கும் இனித்தே ஆகணும்னு வள்ளுவர் சட்டம் போடவில்லை! (சிரிப்பு, கைதட்டல்)

இன்னொரு சாட்சியையும் கொண்டுவந்தார்கள். 2015-இல் நியூயார்க்கில் 'தி கிங் அண்ட் ஐ' நாடகம். அது சாதாரணக் காட்சிதான். சாட்டையடிக் காட்சியில் ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவன் அலறினான். கூட்டம் தாயைப் பார்த்துக் கூச்சலிட்டது. நாடகத்தில் நடித்த கெல்வின் மூன் லோ என்பவர் அந்தத் தாயின் பக்கம் நின்று எழுதினார். சரி, அவர் எழுதியதை முழுக்கப் படித்தீர்களா? அந்தத் தாய் பிள்ளையை வெளியே கூட்டிப் போகப் போராடிக்கொண்டிருந்தாள். பையன் கம்பியைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தான். அதைக் கூட்டம் பார்க்கவில்லை என்றுதான் எழுதினார். அப்படியானால் அங்கே பொறுப்போடு இருந்தது யார்? அந்தத் தாய்! எதிரணியின் சாட்சி என் கட்சிக்காரர் ஐயா! (பலத்த கைதட்டல்)

ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பொறுப்பு பெற்றோருக்கு என்று நான் சொல்வதை, குற்றம் பெற்றோருடையது என்று யாரும் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். அந்தப் பாவத்தை உலகம் ஒரு முறை செய்திருக்கிறது. தாயின் பாசம் குளிர்ந்து போனதால்தான் ஆட்டிசம் வருகிறது என்று, 'ஃப்ரிட்ஜ் அம்மா'க்கள் என்று, படித்த மேதாவிகளே பேசினார்கள். 1967-இல் புரூனோ பெட்டல்ஹைம் அதைப் புத்தகமாகவே எழுதினார். அதற்கு மூன்று ஆண்டு முன்பே, 1964-இல், பெர்னார்டு ரிம்லண்ட் என்ற உளவியலாளர் அது தவறு, இது உயிரியல் காரணம் என்று எழுதிவிட்டார். அவரும் ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளையின் தகப்பனார். இன்றைக்கு அறிவியல் அவர் பக்கம். ஆனால் இடைப்பட்ட காலத்தில் எத்தனை தாய்மார்கள் தன்னையே சபித்துக்கொண்டு அழுதிருப்பார்கள்!

குற்றம் என்பது ஆளைக் கூண்டில் நிறுத்துவது. பொறுப்பு என்பது பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்வது. அந்தக் கையை மேலாளர் பிடிக்க முடியாது. ஆகவே நடுவர் அவர்களே, பொறுப்பு பெற்றோருக்கு. பொறுமை மற்றோருக்கு என்று தீர்ப்புச் சொல்லுங்கள் எனக் கேட்டு அமர்கிறேன்.