கையில் காசில்லாதவரும் பாட்டுக் கேட்ட கடை

மும்பை காலா கோடாவில், ஜஹாங்கீர் கலைக்கூடத்துக்கு அருகே 'ரிதம் ஹவுஸ்' என்ற இசைத்தட்டுக் கடை இருந்தது. 1948-ல் தொடங்கப்பட்டது. வி.டி.யிலோ சர்ச்கேட்டிலோ ரயில் இறங்கி, கோட்டைப் பகுதி அலுவலகங்களுக்கு நடந்த தமிழர் பலருக்கு அந்தக் கடை நினைவிருக்கும்.

வாங்குமுன் தட்டைப் போட்டுக் கேட்க அங்கே தனிச் சிற்றறைகள் வைத்திருந்தார்கள். அரக்கில் செய்த 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம்தான் பாட்டு. அந்த மூன்று நிமிடமும் பெரிய பேறு! ஒரே அறையில் நாலைந்து பேர் சேர்ந்து குடியிருந்தவரிடம் கிராமபோன் ஏது? சம்பள நாளில் ஒரு தட்டு வாங்க முடிந்தாலும், அதைப் போட்டுக் கேட்கப் பெட்டி வேண்டுமே! அப்படிப்பட்டவருக்கு இசைத்தட்டுக் கடைதான் சங்கீத சபை.

எல்.பி. தட்டு வந்தது, கேசட் வந்தது, சி.டி.யும் வந்தது. கடை எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தது. கைப்பேசியிலேயே பாட்டு வந்தபின் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 2016-ல் கதவு மூடப்பட்டது.

பழைய தட்டு தேடுவோர் இன்றும் சோர் பஜார் மட்டன் தெருவுக்குப் போகிறார்கள். தட்டு கிடைக்கும். ஆனால், 'வாங்காவிட்டால் என்ன, கேட்டுப் பாருங்கள்' என்று கதவைத் திறந்துவிடும் அந்தச் சிற்றறை எங்கே கிடைக்கும்?