கடிகாரமே போர்டிங் பாஸ்! மெஷினில் கை நுழையாமல் விமானப் பயணிகள் திண்டாட்டம்

ஒரு கையில் பெட்டி. மறு கையில் பாஸ்போர்ட். செல்போனோ பேண்ட் பாக்கெட்டில். பின்னால் நீண்ட வரிசை. "போர்டிங் பாஸ் எங்கே சார்?" என்று கேட்கிறார் கேட்டில் நிற்கும் சிப்பந்தி.

இந்த அவஸ்தையைத் தீர்க்க வந்ததுதான் கைக்கடிகார 'ஆப்'. மணிக்கட்டைக் காட்டினால் போதும், விமானம் ஏறிவிடலாம் என்பது ஏற்பாடு.

ஜெர்மனியின் ஏர் பெர்லின் கம்பெனி 2014-லேயே 'பெபிள்' என்ற கடிகாரத்தில் போர்டிங் பாஸ் கொடுத்தது. 2015 ஏப்ரல் 24-ந் தேதி ஆப்பிள் வாட்ச் விற்பனைக்கு வந்ததும் பல விமானக் கம்பெனிகள் களத்தில் குதித்தன. அப்புறம்தான் தெரிந்தது சங்கதி!

மெஷின் மக்கர்

பாஸில் உள்ள பார்கோடுக்குள் பயணியின் பெயர், விமான எண், தேதி, சீட் நம்பர் எல்லாம் அடக்கம். ஒரு பயணத்துக்குக் கட்டாய விவரம் 60 எழுத்துதான். குட்டித் திரையில் தாராளமாக அடங்கும். அதைப் படிக்கிற மெஷின்தான் தகராறு!

பல இடங்களில் மெஷின் காகிதத்துக்கும் செல்போனுக்கும் அளவெடுத்துச் செய்தது. கண்ணாடி கீழே, மேலே மூடி. கடிகாரம் கட்டியவர் கையை உள்ளே விட்டு, மணிக்கட்டைக் கவிழ்த்து, தோளைச் சாய்த்து நிற்க வேண்டும். அடைத்த குழாய்க்குள் கைவிட்ட பிளம்பர் தோற்றார் போங்கள்!

சரி, கழற்றிக் காட்டலாமே? ஆப்பிள் வாட்சில் ரகசிய எண் போட்டிருந்தால், கழற்றியதும் அது பூட்டிக்கொள்ளும். ஆரம்ப கால மாடல்களில் கையைத் தாழ்த்தினாலே திரை அணையும். எப்போதும் எரியும் திரை 2019-ல்தான் வந்தது. பெபிளின் கறுப்பு வெள்ளைத் திரைக்கு இந்த வம்பே இல்லை. அணையாது, வெயிலிலும் தெரியும்.

எதைக் காட்டுவது?

ஆப் தயாரிப்பவருக்கு இன்னொரு தலைவலி. முதல் ஆப்பிள் வாட்சின் சின்ன சைஸ் உயரம் 38 மில்லிமீட்டர். சலுகை, விளம்பரம், உணவுப் பட்டியல் என்று அதில் திணித்தால் பயணி பிளேனைக் கோட்டை விடுவார். வீட்டில் இருக்கும்போது புறப்படும் நேரம், நிலையத்தில் கேட் நம்பர், கேட்டில் பார்கோடு, இறங்கியதும் பெட்டி வரும் பெல்ட் நம்பர். வேளைக்கு ஒன்று, அவ்வளவுதான்!

நேரத்திலும் ஒரு சூட்சுமம். டிக்கெட்டில் இருப்பது புறப்படும் ஊரின் மணி. லண்டனில் 10 என்றால் பெர்லினில் 11. இரண்டையும் போட்டுக் குழப்பாமல் "இன்னும் 40 நிமிடம்" என்று காட்டினால் யாருக்கும் புரியும்.

பாஸைக் கடிகாரத்திலேயே சேமிப்பதும் அவசியம். கேட் வாசலில் சிக்னல் போனால் கதி என்ன?

கடிகாரம் உண்மையில் கைகொடுப்பது கேட் மாறும்போதுதான். 12-ம் கேட்டில் காபி குடித்துக்கொண்டிருப்பவருக்கு, விமானம் 31-க்கு மாறியது தெரியாது. அறிவிப்பு இரைச்சலில் அமுங்கிப் போகும். பையில் போன் துடித்தாலும் கேட்காது. மணிக்கட்டில் ஒரு 'தட்டு' விழுந்தால் ஆள் எழுந்து ஓடுவார். கேட் மாறியதை விமானக் கம்பெனி உடனே அனுப்பினால்தான் இதுவும் நடக்கும். தாமதமாக அனுப்பினால், கடிகாரம் பழைய கேட்டையே காட்டிக்கொண்டிருக்கும்!

பெபிள் கம்பெனி 2016 டிசம்பரில் கடையைக் கட்டியது. ஏர் பெர்லினின் கடைசி விமானம் 2017 அக்டோபர் 27-ந் தேதி தரை இறங்கியது.