மேசைமேல் ஒரு லேசர்ப் பட்டறை

பாத்திரக் கடைக்குச் சென்று ஒரு குடமோ தூக்குவாளியோ வாங்கினால், விலை பேசி முடித்த பிறகு, "பேர் வெட்டணுமா?" என்று கடைக்காரர் கேட்பதும், வாங்கியவர் ஒரு துண்டுக் காகிதத்தில் பெயரையும் தேதியையும் எழுதித் தருவதும், கடையின் ஓரத்தில் அமர்ந்திருப்பவர் சிற்றுளியால் தட்டியோ, பிற்காலத்தில் மின்சாரப் பேனாவை அதிரவிட்டோ அதைப் பாத்திரத்தின் விளிம்பில் பதித்துக் கொடுப்பதும் தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் வழக்கம். தமக்கு உரிய பொருளின்மேல் தம் பெயரை அழியாமல் பொறித்துப் பார்க்கும் அந்த ஆசையை, பிறர் கையை எதிர்பாராமல் வீட்டு மேசைமேலேயே நிறைவேற்றிக்கொள்ள உதவும் யந்திரம் ஒன்று இப்போது நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டும் விலையில் கிடைக்கிறது. லேசர் என்ற ஒளிக்கிரணத்தால் மரத்திலும் தோலிலும் எழுத்தையும் சித்திரத்தையும் சுட்டுப் பொறிக்கும் இச்சாதனத்தை இயக்கக் கற்பது ஓரிரு மாலைப்பொழுதுகளின் வேலை. அதன் கீழே வைக்கும் பொருள்களின் ஸ்வபாவத்தை அறிவதுதான் நெடுநாள் கல்வி என்பது என் அபிப்பிராயம்.

கிளர்ச்சியுற்ற அணுவின்மேல் தக்க ஒளி பட்டால், அதனை எல்லா வகையிலும் ஒத்த ஒளியையே அந்த அணுவும் வெளியிடும் என்பதை ஐன்ஸ்டைன் 1917-ஆம் ஆண்டிலேயே கணித்துக் காட்டியிருந்தாலும், அந்தக் கணிதம் கண்ணுக்குப் புலப்படும் கிரணமாக உருப்பெற்றது 1960 மே 16 அன்று, கலிஃபோர்னியாவிலுள்ள மாலிபூவில், தியோடர் மெய்மன் என்ற விஞ்ஞானியின் கையிலிருந்த சிறிய செயற்கை மாணிக்கக் கம்பியிலிருந்துதான். நான்கே ஆண்டுகளில், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்து புணேயில் பொறியியல் பயின்று அமெரிக்கா சென்ற குமார் பட்டேல், பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் கரியமில வாயு லேசரை உருவாக்கினார். இன்று கடைத்தெருவில் அக்ரிலிக் பெயர்ப்பலகை அறுத்துக் கொடுக்கும் பெரிய யந்திரங்களில் ஒளிர்வது அவர் வழிவந்த கண்ணாடிக் குழாயே. வீட்டு மேசைக்கு வந்திருப்பது பெரும்பாலும் வேறொரு கிளை. ஜப்பானின் நிச்சியா கம்பெனியில் ஷூஜி நாகமுரா 1990-களில் முதலில் பிரகாசமான நீல விளக்கையும் அதன்பின் நீல லேசர் டயோடையும் ஆக்கிக் காட்டினார். நீல விளக்குக்காக அவரும் அகாஸாகி, அமானோ என்னும் இருவரும் 2014-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த டயோடுகள் நாளடைவில் மலிந்து பெருகியதன் பயனாகத்தான் பொழுதுபோக்குக் கைவினைஞருக்கும் லேசர் வாய்த்தது.

பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தைப் பொசுக்கிப் பார்க்காத சிறுவர்கள் குறைவு. யந்திரத்தின் தலைப்பகுதியில் நடப்பதும் அடிப்படையில் அதுதான். ஆனால் அளவிலே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு. நண்பகல் வெயில் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 1000 வாட் சக்தியைக் கொட்டுகிறது. ஐந்தே வாட் ஒளியைப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள புள்ளிக்குள் குவித்துவிட்டால், அந்தப் புள்ளியில் விழுவது வெயிலைப்போல் ஐந்து லட்சம் மடங்கு உக்கிரமான ஒளி. அத்தகைய தலையை இரண்டு மோட்டார்களும் பட்டைகளும் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துச் செல்ல, எந்த இடத்தில் எவ்வளவு வேகத்தில் எவ்வளவு சக்தியோடு செல்லவேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் வரிவரியாகச் சொல்லிக்கொண்டே வருகிறது. இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் படத்தை வரைந்து, லேசர் ஜிஆர்பிஎல் போன்ற மற்றொன்றின் வழியாக யந்திரத்துக்கு அனுப்புவது தொடக்கக்காரர்களின் வழக்கம். லைட்பர்ன் என்ற மென்பொருளை விலை கொடுத்து வாங்குபவர்களும் உண்டு.

இங்கே வியாபாரத் தந்திரம் ஒன்றைச் சொல்லாமல் செல்லக்கூடாது. "40 வாட் லேசர்" என்று பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டு விற்கப்பட்ட யந்திரங்கள் பலவற்றில் அந்த நாற்பது, யந்திரம் உட்கொள்ளும் மின்சாரத்தின் அளவே தவிர, வெளியே வரும் ஒளியின் அளவு அன்று. ஒளி ஐந்து வாட்டைத் தாண்டியிராது. ஒரு நீல டயோடு தரக்கூடியதே ஏறத்தாழ அவ்வளவுதான். உண்மையான பத்து வாட் வேண்டுமானால் இரண்டு டயோடுகளின் கிரணங்களையும், இருபது வேண்டுமானால் நான்கின் கிரணங்களையும் ஒன்றாக இணைத்தாக வேண்டும். ஆகவே ஒளியின் சக்தி எத்தனை வாட் என்று குறிப்பாகக் கேட்டு வாங்குவதே விவேகம். எழுத்துப் பொறிக்க ஐந்து வாட் தாராளம். மூன்று மில்லிமீட்டர் ப்ளைவுட்டை அலுப்பில்லாமல் அறுக்கப் பத்தாவது வேண்டும்.

இனி மரத்துக்கு வருவோம். இந்த யந்திரத்தின் இஷ்ட தெய்வம் மரம்தான். அதிலும் வெளிர்நிறமான மரம். பொறிப்பு என்பது மரத்தைக் கரியாக்குவது ஆகையால், கருமை எடுத்துக்காட்ட வெளுத்த பின்னணி அவசியம்; தேக்கைப்போல ஏற்கெனவே நிறம் அடர்ந்த மரத்தில் எவ்வளவு நுட்பமான சித்திரமும் பாதி மறைந்துபோகும். பைன் மரம் வெளிர்நிறமானதே என்றாலும், அதன் ஆண்டு வளையங்களில் மெத்தென்ற பகுதி ஆழமாகவும் கெட்டியான பகுதி மேலாகவும் எரிவதால், முகத்தைப் பொறித்தால் முகத்தின் குறுக்கே வரிகள் ஓடும். மூங்கில் பலகை சாதுவானது. சமையலறைக் காய்நறுக்கும் பலகையின் ஓரத்தில் ஒரு பெயரைப் பொறித்துப் பழகுவதற்கு அதைவிட உகந்தது இல்லை. ப்ளைவுட்டில் வேறொரு சூட்சுமம் இருக்கிறது. ஹார்ட்வேர் கடைக்காரர் உயர்ந்த சரக்கு என்று எடுத்துப் போடும் வாட்டர் ப்ரூஃப் ப்ளைவுட்டே இந்த வேலைக்கு மிகவும் ஒவ்வாதது. தண்ணீருக்கு அசையாத அதன் பசை ஒளிக்கும் எளிதில் அசைவதில்லை. மேலேயிருந்து பார்த்தால் வழவழப்பாக இருக்கும் பலகையின் நடுவே பசை கட்டிக்கொண்ட இடத்தில் கிரணம் தயங்கி நிற்க, மற்ற இடமெல்லாம் அறுபட்டு அந்த ஒரு விரற்கடை மட்டும் ஒட்டிக்கொண்டிருப்பது இத்துறையில் உள்ள அனைவரும் அனுபவித்த சங்கடம். எம்.டி.எஃப். பலகை சீராக அறுபடும். ஆனால் அதன் பசையில் ஃபார்மால்டிஹைடு இருப்பதால் புகை கண்ணைக் கரிக்கும்.

எந்தப் பலகையானாலும், முதலில் அதன் ஒரு மூலையில் சிறு கட்டங்களாகச் சோதித்துப் பார்ப்பது உத்தமம்: ஒரு பக்கம் வேகத்தையும் மறு பக்கம் சக்தியையும் படிப்படியாக மாற்றிக்கொண்டே போனால், எந்தக் கட்டத்தில் நிறம் செம்மையாக விழுந்திருக்கிறது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். மேலே மாஸ்கிங் டேப்பை ஒட்டிவிட்டுப் பொறித்தால் புகைக்கறை டேப்போடு உரிந்து வந்துவிடும். பெட்டி செய்யப் பலகைகளைப் பல்லுக்குப் பல் பொருத்துகிறவர்கள், அறுக்கும்போது கிரணமே ஒரு மயிரிழை மரத்தைத் தின்றுவிடுகிறது என்பதை மறந்தால் மூட்டுகள் ஆடும். நவராத்திரிக் கொலுவுக்கு மூன்று மில்லிமீட்டர் பலகையில் கோபுரமும் மண்டபமும் அறுத்துக் கூட்டுபவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

யந்திரம் வாங்கியவர்கள் ஏமாற்றம் அடைவது எவர்சில்வரிடம். பளபளக்கும் உலோகம் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஏற்ற சிறிதளவு வெப்பத்தையும் உடனே நாலாபுறமும் பரப்பிவிடுகிறது. சக்தி மிகுந்த டயோடு மெதுவாகச் சென்றால் மேற்பரப்பில் நிறம் மாறிய ஒரு தடம் விழும், அவ்வளவே. சாயமேற்றிய அலுமினியத் தகடு மட்டும் விதிவிலக்கு. மேல்சாயம் போய் வெள்ளெழுத்து அழகாகத் துலங்கும். ஒளி ஊடுருவும் தெளிந்த அக்ரிலிக்கும் இவ்வாறே கைவிரிக்கும்: நீல ஒளி அதைக் கண்ணாடி ஜன்னலைக் கடப்பதுபோல் கடந்து சென்றுவிட, குமார் பட்டேலின் கரியமில வாயு லேசரோ, 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள புலனாகாத கிரணமாகையால், அதே அக்ரிலிக்கை வெண்ணெயாக அறுக்கிறது. கறுப்பு அக்ரிலிக்கை நீல டயோடும் அறுக்கும்.

புகைப்படத்தை மரத்தில் இறக்குவது பலரின் ஆசை. கிரணத்துக்குச் சாம்பல் நிறம் போடச் சரியாக வராது. எரித்தது, எரிக்காதது என்ற இரண்டே நிலைகள்தான் அதற்கு நம்பகமானவை. பழைய பத்திரிகைகளில் ப்ளாக் செய்து அச்சிட்ட படங்களை உற்றுப் பார்த்தவர்களுக்கு இதன் பரிகாரம் தெரியும்: புள்ளிகளை நெருக்கினால் நிழல், விலக்கினால் வெளிச்சம். அந்தப் புள்ளிகளை எங்கே இடுவது என்பதைத் தீர்மானிக்க ஃப்ளாய்ட், ஸ்டைன்பெர்க் என்னும் இருவர் 1976-இல் வெளியிட்ட கணக்குமுறை இன்றும் இந்த மென்பொருள்களில் உயிரோடிருக்கிறது. மில்லிமீட்டருக்குப் பத்து வரி என்பது பொதுவான அளவு. அதற்கு மேல் நெருக்கினால் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து தாத்தாவின் முகம் கரிப்படலமாகிவிடும். வெள்ளை டைல்ஸின்மேல் டைட்டானியம் டை ஆக்ஸைடு கலந்த வெள்ளைப் பெயின்ட்டை மெல்லியதாகப் பூசி, உலர்ந்தபின் பொறித்து, மிச்சத்தைத் தின்னரால் துடைத்தால், கிரணம் பட்ட இடம் மட்டும் கருமையாக டைல்ஸோடு ஒன்றி நிற்கும். படம் பொறிக்க மரத்தைவிட இதுவே மேல் என்பேன்.

இத்தனை இன்பத்துக்கும் இடையே இருப்பவை அபாயங்கள். அவற்றில் முதலாவது விஷவாயு. ரெக்ஸின் என்று நாம் அழைக்கும் செயற்கைத் தோலும், சன்போர்டு என்ற பெயரில் ஸ்டேஷனரிக் கடைகளில் கிடைக்கும் வெண்பலகையும் பெரும்பாலும் பி.வி.சி.; அதில் கிரணம் பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும். ஈரத்தோடு சேர்ந்தால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். யந்திரத்தின் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்வதற்கு முன்னால் சுவாசப் பையைப் புண்ணாக்கும். சந்தேகமான பிளாஸ்டிக்கைச் சோதிக்கப் பள்ளிக்கூட ரசாயனமே போதும்: செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, அதில் அந்தப் பிளாஸ்டிக்கைச் சிறிது தொட்டெடுத்து, திறந்த வெளியில் மறுபடி சுவாலையில் காட்டினால், பச்சை நிறம் தோன்றுமாயின் குளோரின் உண்டு என்று பொருள். அதைத் தூர வைத்துவிட வேண்டும்.

கண்ணைப் பற்றியது இரண்டாவது. அரை வாட்டுக்கு மேற்பட்ட லேசர்கள் சர்வதேச வகைப்பாட்டில் நான்காம் வகுப்பு, அதாவது மிக உயர்ந்த அபாய வகுப்பு. நேர்க்கிரணம் மட்டுமல்லாமல் பலகைமேல் பட்டுச் சிதறும் ஒளியை அருகில் நின்று பார்ப்பதும் விழித்திரையைச் சுடக்கூடும். யந்திரத்தின் அலைநீளத்துக்கென்றே, நீல டயோடுக்கு ஏறத்தாழ 450 நானோமீட்டர் என்று குறித்து, தயாரித்த கண்ணாடியையே அணிய வேண்டும். வெயில் கண்ணாடி உதவாது. மூன்றாவது நெருப்பு. எரிப்பதே தொழிலாக உள்ள ஒரு யந்திரத்தை ஓடவிட்டுவிட்டு காப்பி குடிக்கப் போவது அறிவீனம். அறுக்கும் இடத்தில் காற்றை ஊதும் சிறு பம்பு சுவாலையை அடக்கும். ஆனால் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டிய அவசியத்தை அது நீக்கிவிடாது.

வாங்க எண்ணும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நான்கு கம்பிகளால் ஆன திறந்த சட்டங்கள் விலையில் மிக மலிவு. பார்க்கவும் எளிமையாக இருக்கும். இருந்தாலும், ஒளி வெளியேறாதபடி முழுதும் மூடிய பெட்டியும், மூடியைத் திறந்த மாத்திரத்தில் கிரணம் நின்றுபோகும் அமைப்பும், புகையை ஜன்னலுக்கு வெளியே தள்ளும் விசிறியும் உள்ள யந்திரமாகவே பார்த்து வாங்குங்கள். கூடுதலாகக் கொடுக்கும் பணம் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் கொடுக்கும் பணம், குழந்தைகள் நடமாடும் வீட்டிலோ திறந்த சட்டத்துக்கு இடமே இல்லை.