சொந்த வீட்டுக்குக் குடிபோக என்ன வழி?

தேயிலைத் தோட்டத்தில் முப்பது ஆண்டு உழைத்தாலும் தோட்டம் தந்த வீடு நமக்குச் சொந்தமாகாது. வேலை உள்ளவரைதான் அந்தக் கூரை. 2013 ஜூலை 1 முதல் ஓய்வு வயது 60க்குக் குறையக் கூடாது என்று சட்டம் வந்தது. ஆனாலும் என்றாவது ஒருநாள் சாவியை ஒப்படைத்தே ஆகவேண்டும். இதை எண்ணித்தான் கேமரன் மலையில் சில குடும்பங்கள் வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி, ரிங்லெட்டிலோ தாப்பாவிலோ ஒரு சிறு வீடு வாங்கி, வாடகைக்கு விட்டு வைக்கின்றன.

ஓய்வு நெருங்கும்போதுதான் சிக்கல். “பிள்ளைகளுக்குப் பள்ளி நடக்கிறது, வேறு வீடு கிடைக்கவில்லை” என்கிறார் குடியிருப்பவர். நம் வீடுதானே என்று பூட்டை மாற்றலாமா? சாமான்களை வெளியே வைக்கலாமா?

கூடவே கூடாது. வாடகைக் காலம் முடிந்த பிறகும் ஒருவர் காலி செய்யாவிட்டால், நீதிமன்றத்தின் வழியாகத்தான் வீட்டை மீட்க வேண்டும் என்கிறது 1950ஆம் ஆண்டுத் தனிநிலை நிவாரணச் சட்டத்தின் 7(2) பிரிவு. அதேவேளை, காலம் கடந்தும் பிடிவாதமாக இருப்பவரிடம் இரட்டிப்பு வாடகை கேட்க 1956ஆம் ஆண்டுக் குடிமையியல் சட்டத்தின் 28(4) பிரிவு இடம் தருகிறது.

ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டு என்று எழுதியிருந்தால், “எனக்கே வீடு வேண்டும்” என்பது மட்டும் இடையில் நிறுத்தப் போதாது. அதற்கான நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இல்லையேல் இருவரும் பேசி இணங்க வேண்டும். மாதக் குடித்தனமானால் ஒரு மாத முன்னறிவிப்பு கொடுப்பது வழக்கம்.

முன்பு, 1948 ஜனவரி 31க்கு முன் கட்டிய வீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பாதுகாப்பளித்தது. 1997இல் அது நீக்கப்பட்டு, இடைக்காலப் பாதுகாப்பும் 1999 இறுதியோடு முடிந்தது. பினாங்கின் பழைய கடைவீடுகளில் பல்லாண்டு இருந்தோர் அப்போது பட்ட பாடு பெரிது. வீடு கேட்பவருக்கு நியாயம் உண்டு; வெளியேறுபவருக்கும் ஒரு கூரை வேண்டுமல்லவா?

ஆகவே வாடகைக்கு விடும் அன்றே யோசியுங்கள். “நாங்கள் குடிவரத் தேவைப்பட்டால் மூன்று மாத முன்னறிவிப்பு” என்று எழுதிக்கொண்டு, ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை செலுத்துங்கள். முத்திரையில்லாத தாள் வழக்கில் சாட்சியாக நிற்காது. அறிவிப்பை எழுத்தில் கொடுத்து, கையொப்பம் வாங்குங்கள். முடிந்தால் பள்ளி விடுமுறைவரை பொறுங்கள். முன்பணத்தைக் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுங்கள்.

வாடகைக்கு இருக்கும் வாசகர்களே, நீங்களும் கையொப்பமிடும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போகும். எழுத்துத்தான் இரு குடும்பங்களையும் காக்கும்.