ஓடுபவரின் நிற்கும் பாதம்

சென்னை மாரத்தானில், ஜனவரி மாதத்து விடியாத இருட்டில் கடற்கரைச் சாலை வழியே ஓடிவருகிறவரைப் பக்கவாட்டில் நின்று, கேமராவை அசைக்காமல், 1/60 நொடியில் படம் எடுத்துப் பாருங்கள். முகம் கலங்கியிருக்கும். கைகள் புகையாகக் கரைந்திருக்கும். ஆனால் தரையில் ஊன்றிய ஷூ மட்டும் லேஸ் முடிச்சு தெரிகிற அளவுக்குத் துல்லியமாக இருக்கும். கேமராவில் கோளாறு இல்லை. ஓட்டத்தின் நடுவே அந்தப் பாதம் உண்மையிலேயே நின்றுகொண்டிருந்தது.

மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் ஓடுகிறார் என்று ஒரே எண்ணில் சொல்லிவிடுகிறோம். அது உடம்பின் நடுப்பகுதிக்குத்தான் பொருந்தும். கால்களின் கணக்கு வேறு. நிமிடத்துக்கு 170 அடி வைக்கிறார் என்று கொள்வோம். ஒரே கால் மறுபடி தரையைத் தொட ஏறக்குறைய 0.7 நொடி ஆகும்; அதற்குள் உடல் 2.3 மீட்டர் முன்னே போய்விடும். அந்த 0.7 நொடியில் கால் நொடி நேரம் பாதம் தரையிலேயே கிடக்கிறது. எஞ்சிய 0.45 நொடியில் அந்த 2.3 மீட்டரையும் அது கடந்தாக வேண்டும். சராசரியாகவே மணிக்கு 18 கி.மீ.க்கு மேல் வருகிறது. நின்ற நிலையிலிருந்து கிளம்பி நின்ற நிலைக்கே திரும்புவதால் நடுவழியில் வேகம் இன்னும் கூடும். ஒரே உடம்பில், ஒரே கணத்தில், ஒரு பாதம் அசையாமலும் மறு பாதம் உடலை முந்திக்கொண்டும் இருக்கின்றன! வெறுங்கண்ணுக்கு இது தெரிவதே இல்லை.

அந்த வேகமான பாதத்தையும் தெளிவாகப் பிடிக்க 1/1000 நொடி வேண்டும். அந்த நேரத்தில் அது சுமார் 5 மில்லிமீட்டர்தான் நகரும். ஆனால் 1/60இலிருந்து அங்கே போனால் உள்ளே வரும் வெளிச்சம் பதினேழில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். தெருவிளக்கை நம்பினாலும் சிக்கல் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சில எல்.இ.டி. விளக்குகள் அதற்கேற்ப நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. 1/1000 நொடி அந்தத் துடிப்பின் பத்தில் ஒரு துண்டு. அதனால்தான் அடுத்தடுத்து எடுத்த படங்களில் ஒன்று வெளிச்சமாகவும் அடுத்தது இருண்டும் வருகிறது.

இன்னொன்று எனக்குத் தீராத வியப்பு. பெரும்பாலான பெரிய கேமராக்களில் ஷட்டர் என்பது இரண்டு திரைகள். 1/1000 நொடியில் முதல் திரை முழுதும் விலகும் முன்பே இரண்டாம் திரை துரத்திவருகிறது; இடையிலுள்ள குறுகிய இடைவெளிதான் படம் முழுவதையும் வருடிச் செல்கிறது. இந்தப் பயணத்துக்குச் சுமார் 4 மில்லி நொடி ஆகும். கிடையாகப் பிடித்த கேமராவில் ஆள் மேலிருந்து கீழ்வரை நிறைந்திருந்தால், தலை பதிவான நேரம் வேறு, பாதம் பதிவான நேரம் வேறு. அந்த இடைவெளிக்குள் வீசும் பாதம் 2 செ.மீ. நகர்ந்திருக்கும். உறைந்த கணம் என்று நாம் நம்பும் படத்துக்குள்ளும் காலம் ஓடியிருக்கிறது.

இனி, அதே 1/60 நொடியிலேயே, கேமராவை ஓடுபவரின் வேகத்துக்கு ஒத்துத் திருப்பினால் எல்லாம் தலைகீழாகும். முகமும் நெஞ்சில் குத்திய எண்ணும் தெளியும். ஊன்றிய ஷூ சாலையோடு சேர்ந்து இழுபட்டுப்போகும். நிற்பதும் நகர்வதும் பார்ப்பவரைப் பொறுத்தவை என்று கலிலியோ சொன்னதை இதைவிட அழகாகக் காட்டும் சோதனையை நான் கண்டதில்லை.

படமெடுப்பவர்கள் அதிகம் விரும்புவது இரண்டு பாதங்களும் காற்றில் இருக்கும் கணத்தை. நடைக்கு அப்படியொரு கணம் கிடையாது, ஓட்டத்துக்கு உண்டு. ஓடும் குதிரைக்கும் அது உண்டு என்பதை 1878 ஜூனில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் எட்வர்டு மைபிரிட்ஜ் 12 கேமராக்களை வரிசையாக வைத்துக் காட்டினார். நம் ஓட்டக்காரருக்கு அது ஒவ்வோர் அடியிலும் 0.1 நொடிதான் நீடிக்கிறது. கண் பார்த்து விரல் அழுத்தச் சுமார் 0.2 நொடி ஆகும். பறப்பதைப் பார்த்துவிட்டு அழுத்தினால், அவர் எப்போதோ தரையிறங்கியிருப்பார். எனவே பாதம் தரையைத் தொடும்போதே அழுத்த வேண்டும். விரலின் தாமதமும் கேமராவின் சிறு தாமதமும் சேர்ந்து கால் நொடியாகும்போது, பாதம் ஊன்றியிருக்கும் நேரமும் சரியாக முடிந்திருக்கும். படத்தில் அவர் காற்றில் இருப்பார்.