கருவின் உயிரும் முட்டை தந்தவளும்

அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி போற வழியெங்கும் கருத்தரிப்பு மையங்களின் விளம்பரப் பலகைகள். இத்தகைய மையங்களில், சிகிச்சைக்குப் பின் மிஞ்சிய கருக்கள் திரவ நைட்ரஜனில் உறைந்து கிடக்கும். சுமார் ஐந்து நாள் வளர்ந்த கருவின் உள்செல்களைப் பிரித்து வளர்த்தால் ஸ்டெம் செல், கரு அழிந்துபோகும்.

அமெரிக்கர்களுக்கு அந்தக் கருவின் உயிர்தான் பிரச்சினை. 2001இல் புஷ் அரசு நிதியுதவிக்குத் தகுதியானவை என்று பட்டியலிட்ட 64 செல்வரிசைகளில் 10 இந்தியாவினுடையவை: மும்பை ரிலையன்ஸ், பெங்களூர் தேசிய உயிரியல் மையம். ஆன்மா பற்றிய சொல்லாடல் வாஷிங்டனில். கச்சாப்பொருளில் ஒரு பங்கு இங்கிருந்து.

இங்கே இருப்பது மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017 நெறிமுறை: 14 நாளுக்கு மேல் கருவை வளர்க்கக் கூடாது. 2021 சட்டமோ, கருவைப் பத்தாண்டு வைத்திருக்கலாம், பிறகு அழியவிடலாம், அல்லது சிகிச்சைக்கு வந்த தம்பதியின் சம்மதத்தோடு ஆராய்ச்சிக்குத் தரலாம் என்கிறது. முட்டை தந்தவளின் சம்மதம்? அந்த வரியில் அவள் இல்லவே இல்லை. ஊசி போட்டுக்கிட்டு மயக்கத்தில் கிடந்தது என்னமோ அவள் உடம்புதான்.

வாழ்நாளில் ஒரே முறை, ஏழு முட்டைக்கு மேல் கூடாது என்பதும் அதே சட்டம்தான். 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமிக்குப் போலி ஆதாரில் வயதைக் கூட்டித் திரும்பத் திரும்ப முட்டை எடுத்தது வெளியே வந்தது. நான்கு மருத்துவமனைகளை மூட அரசு ஆணையிட்டது. அவளிடம் எடுத்தவை எந்தக் கலனிலாவது கருவாகக் கிடந்தால், பத்தாம் ஆண்டில் யார் கையெழுத்தில் ஆய்வகம் போகும் என்று கேட்கிறேன்.